தலைக்கு மேல் டேப்

சும்மா இருப்பதற்கு உலகில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் கௌரவமானது, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எடிட்டரை 'செட்டப்' செய்துகொண்டிருப்பது. கறுப்புத் திரை, வண்ண வண்ண எழுத்து, நெற்றியில் சுருக்கம். மேனேஜர் பின்னால் வந்து நின்றாலும் பயமில்லை. நாம் தட்டுவது கம்பெனிக்கான புரோகிராமா, டேப்பின் ஓரம் நேராக இருக்கட்டுமா சாய்வாக இருக்கட்டுமா என்ற வழக்கா என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.

நான் பயன்படுத்துவது நியோவிம். அதன் உச்சியில் ஒரே ஒரு வரி. திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் பெயரை அந்த வரியில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த ஒற்றை வரிக்கு பார்பார், பஃபர்லைன், கோக்லைன், டேபி, மினி டேப்லைன் என்று ஒரு ப்ளக்இன் பட்டாளமே வரிசையில் நிற்கிறது. நானும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்.

இத்தனை பேர் கிளம்பியதற்குக் காரணம் முன்னோர்கள். பில் ஜாய் 1976இல் விஐ எழுதத் தொடங்கியபோது டேப் என்ற பேச்சே இல்லை. பிராம் மூலேனார் 1991இல் விம்மை வெளியிட்டார். அதில் டேப் வந்து சேர்ந்தது 2006இல், ஏழாம் பதிப்பில். பதினைந்து வருடம் காத்திருந்து வந்த டேப்பாவது நாம் நினைக்கிற டேப்பா என்றால் அதுவும் இல்லை. விம்மின் கணக்கில் ஃபைலின் சரக்கு பஃபர், அதைக் காட்டும் கட்டம் விண்டோ, பல விண்டோக்களைச் சேர்த்துப் போட்ட ஏற்பாடு டேப். ஆகவே ஒரு டேப்பில் ஐந்து ஃபைல் குடியிருக்கலாம், ஒரே ஃபைல் மூன்று டேப்பில் தலை காட்டலாம். பிரவுசரில் பழகி வந்தவன் திகைத்துப்போய்ப் பெரியவர்களிடம் கேட்டால், "தம்பி, நீ டேப்பையே தப்பா புரிஞ்சு வச்சிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இந்த இடத்தில்தான் ப்ளக்இன்கள் புகுந்தன. பஃபருக்கு டேப் வேஷம் போட்டு மேலே உட்கார வைப்பதுதான் பெரும்பாலானவற்றின் தொழில். பழைய ஏர்லைன் இதில் ஒரு விசேஷப் பிறவி. ஒரே டேப் இருக்கும்வரை பஃபர்களைக் காட்டும். இரண்டாவது டேப் திறந்த மாத்திரத்தில் பஃபர்களை மறைத்துவிட்டு டேப்களைக் காட்டும். நேற்றுவரை அங்கே இருந்த பத்துப் பெயர் எங்கே போயிற்று என்று நாம் மேசைக்கடியில் தேட வேண்டியதுதான்.

பார்பார் எனக்குப் பிடித்துப்போனது ஒரே காரணத்தால். இன்றைய புராஜெக்டுகளில் ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'இண்டெக்ஸ்' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். ஐந்தைத் திறந்தால் மேலே ஐந்து இண்டெக்ஸ். பார்பார் உடனே ஒவ்வொன்றுக்கும் அதன் ஃபோல்டர் பெயரை முன்னால் ஒட்டிவிடும். நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் நான்கு செந்தில் இருந்தால் அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து கே.செந்தில், எம்.செந்தில் என்று கூப்பிடுவார்களே, அந்த இனிஷியல் ஏற்பாடுதான். இதோடு தாவுவதற்கு ஒரு வித்தையும் வைத்திருக்கிறது. ஒரு விசையை அழுத்தினால் ஒவ்வொரு டேப்பிலும் ஓர் எழுத்து முளைக்கும். அந்த எழுத்தைத் தட்டினால் அந்த ஃபைலில் போய் இறங்கலாம். எழுத்தைத் தேடிப் பிடிக்கும் நேரத்தில் நடந்தே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் ரசனை இல்லாதவர்கள்.

பஃபர்லைன் இன்னும் வசதியான குடும்பம். சாய்ந்த ஓரம் வேண்டுமா, உண்டு. பக்கவாட்டில் ஃபைல் பட்டியல் திறந்தால் மரியாதையாக நகர்ந்து இடம் விடும். கேட்டால் எந்த ஃபைலில் எத்தனை பிழை என்று டேப்பிலேயே ஊருக்கு அறிவிக்கும். இது எனக்கு வேண்டாத வசதி, நான் கேட்கவில்லை. டேப்களைக் குழு குழுவாகப் பிரிக்கவும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை முழுதாகச் செலவழித்து, ஆவணங்களுக்கென்று தனிக் குழு, அதற்குத் தனி நிறம், தனிச் சின்னம் எல்லாம் அமைத்தேன். எங்கள் புராஜெக்டில் ஆவணம் என்று இருப்பது ஒரே ஒரு ரீட்மீ. அது இப்போது தனிக் குழுவில், தனி நிறத்தில், தலைவரும் தொண்டரும் தானே ஆகி நிற்கிறது.

சின்னம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இவை அழகாகத் தெரிய நெர்ட் ஃபாண்ட் வகை எழுத்துரு வேண்டும். இல்லாவிட்டால் சின்னத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம்தான். எழுத்துரு போட்டுச் சின்னங்கள் ஜொலித்த பிறகு, ஆசைப்பட்டு 'கொள்முதல்' என்று தமிழில் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்தேன். டெர்மினல் என்பது சம அகலக் கட்டங்களால் ஆனது. நம் கொம்பும் காலும் கட்டத்துக்குள் அடங்கி உட்காருகிற ஜாதியா? பெயர் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம், மூடுவதற்கான பெருக்கல் குறி பக்கத்து டேப்பின் மடியில். குற்றம் ப்ளக்இன் மேல் இல்லை. ஆனாலும் திட்டுவதற்குக் கைக்கு எட்டியது அதுதான்.

திறப்பதைவிட மூடுவது பெரிய கதை. விம்மில் பஃபரை நீக்கச் சொன்னால், அது காட்டப்பட்டிருந்த விண்டோவையும் சேர்த்து மூடிவிடும். கவனமாகப் பாதி பாதியாகப் பிரித்து வைத்திருந்த திரை கலைந்துபோகும். விண்டோவைத் தொடாமல் பஃபரை மட்டும் மூடுவதற்கென்றே பிபை என்று தனி ப்ளக்இன் எழுதியிருக்கிறார் ஒரு புண்ணியவான். மற்றதெல்லாம் அலங்காரம், இது ஒன்றுதான் அத்தியாவசியம் என்பது என் கட்சி.

எங்கள் டீமில் ஓர் ஈமேக்ஸ்காரர் உண்டு. "எங்களுக்கு ப்ளக்இன்னே வேணாம் சார், 2020லேயே உள்ளுக்குள்ளயே குடுத்துட்டான்" என்பார். உண்மைதான். அந்த ஆண்டு வந்த 27ஆம் பதிப்பில் டேப்-பார், டேப்-லைன் என்று இரண்டைக் கொடுத்தார்கள். முன்னது விண்டோ ஏற்பாட்டை நினைவில் வைப்பது, பின்னது அந்தந்த விண்டோவின் தலையில் பஃபர்களைக் காட்டுவது. இரண்டையும் போட்டுக்கொண்டு, எது எது என்று அவர் இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் பஃபர்லைன் பிறந்ததே டூம் ஈமேக்ஸில் சென்டார் டேப்ஸ் என்ற ப்ளக்இன் ஓடிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த ஆசையில்தான் என்று அதை எழுதியவரே ரீட்மீயில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை நான் ஈமேக்ஸ்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வாரம் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் இருக்காது.

புதிதாகச் சேர்ந்த பெண்ணின் எடிட்டரில் உச்சி மொட்டையாக இருந்தது. ஃபைல் பெயரில் மூன்றெழுத்து தட்டுகிறாள், தேடல் பெட்டி கொண்டுவந்து நிறுத்துகிறது. அவளே என் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, மேல இருக்கறதை எப்பவாவது படிப்பீங்களா?" என்று கேட்டாள். நான் பார்த்தேன். இடது ஓரத்தில் அம்புக்குறியோடு ஓர் எண், வலது ஓரத்தில் இன்னோர் எண். இடம் போதாமல் மறைந்து நிற்கும் டேப்களின் கணக்கு. நடுவே தெரிந்தவையோ பாதிப் பெயரும் மூன்று புள்ளியுமாக இருந்தன. "அவசரத்துக்கு உதவும்மா" என்றேன்.

இப்போது என்னிடம் இருப்பது மினி டேப்லைன். பெயர்களைக் காட்டும், ஒரே பெயர் இரண்டு வந்தால் ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்ளும், அதற்கு மேல் ஆசை காட்டாது. அலங்காரப் பிரியர்கள் பஃபர்லைனுக்குப் போகலாம், இண்டெக்ஸ் தொல்லை உள்ளவர்கள் பார்பாருக்கு. எதுவானாலும் பத்து ஃபைலைத் தாண்டினால் எல்லாமே ஒன்றுதான். மேலே வரியே வேண்டாம் என்பவர்கள் ஷோடேப்லைன் என்ற அமைப்பைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். விம்மிலேயே இருப்பதுதான், எதையும் நிறுவ வேண்டியதில்லை.