நிற்கிற வண்டிக்கு ஏது செலவு?

காரில் காத்திருப்பவரைக் காண ஏற்ற இடம் சென்னை தியாகராய நகர். ஏற்ற காலம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினும் ஏசியும் ஓட, இருக்கையைச் சாய்த்துக் கிடப்பார். குடும்பம் "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சேலை எடுக்கப் போயிருக்கும். அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பித்தான் எஞ்சினை அணைக்காமல் இருக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆன பிறகும் நம்புகிறார்.

இவரை ஊதாரி என்று நினைத்துவிடக் கூடாது. விடியற்காலைக் குளிர்ச்சியில் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்று ஆறு மணிக்கே பங்க்கில் நிற்பவர் இவர். பெட்ரோல் கிடப்பது நிலத்தடித் தொட்டியில். அங்கே காலைக்கும் மாலைக்கும் சூடு பெரிதாக மாறாது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது சிக்கனத்துக்காக நியூட்ரலில் விடுவார். கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின் பெட்ரோலை அறவே நிறுத்திக்கொள்ளும்; நியூட்ரலில் போட்டால்தான் குடிக்கும்.

அவர் கணக்கில் பெட்ரோல் கிலோமீட்டருக்குத்தான் செலவாகும். மீட்டர் நகரவில்லை என்றால் செலவும் இல்லை. "நம்ம வண்டி பதினெட்டு குடுக்குது" என்று பெருமையாகச் சொல்வார். நிற்கும்போது எவ்வளவு கொடுக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஏசியோடு நிற்கும் சின்ன பெட்ரோல் கார் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டரை நெருங்கும். லிட்டர் விலை நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது. இதற்கிடையே கண்ணாடியைத் தட்டும் பூக்காரம்மாவிடம் முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேரம் பேசுவார், எஞ்சின் ஓட ஓட.

அணைக்கச் சொன்னால், "அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் ஜாஸ்தி குடிக்கும்" என்பார். இது அவர் அப்பாவின் அம்பாசடர் காலத்து ஞானம். கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்துக் கிளப்ப வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் சூடாக இருக்கையில் மறுபடி கிளம்பக் குடிப்பதைவிடப் பத்து விநாடி சும்மா ஓடுவதற்கு அதிகம் குடிக்கும். நின்றால் தானே அணையும் வசதியைத் தயாரிப்பாளரே சில கார்களில் வைத்திருக்கிறார். நம்மவர் சாவி போட்டதும் முதல் வேலையாக அந்தப் பொத்தானை அமுக்கி அதை முடக்கிவிடுவார்.

வெயில் என்று அவர் சொல்லும் காரணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏசி கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் வெறும் காற்றுத்தான். இதற்கு வழி கண்டவர்கள் ஆக்டிங் டிரைவர்கள். மர நிழல் தேடி வண்டியைப் போட்டு, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, டீக்கடையில் நின்றுகொள்வார்கள். "பில் போட்டதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க மேடம்" என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். மூன்று மணி நேரமானாலும் அவர்களுக்குச் செலவு டீக்காசுதான்.

காரில் காத்திருக்கும் இனத்தில் சிலர் அண்மையில் மின்சாரக் காருக்கு மாறியிருக்கிறார்கள். இதில் எஞ்சினே கிடையாது; ஏசி ஓடினாலும் புகை இல்லை, அரை மணிக்குச் சார்ஜ் ஓரிரு சதவீதம் இறங்கினால் அதிகம். ஆனால் அந்த எண் கண்ணுக்கு நேரே தெரிகிறது. 64 என்பது 63 ஆன மறுநொடியே ஏசியை அணைத்துவிட்டு வெளியே வந்து, கைக்குட்டையால் விசிறியபடி பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள்.