மூடுபனியும் முன்னாதாரமும்: பொன்முடியில் மனை தேடும் இளைஞர் குறித்த ஓர் ஆய்வு

கடல்மட்டத்திலிருந்து மேலே போகப் போக மனிதனுக்கு நில ஆசையும் ஏறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதைச் சோதிக்கப் பொன்முடியைவிடத் தோதான ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது. ஆய்வுப்பொருள்: வயது முப்பதுக்குள், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், சொத்து ஒரு பைக். நெடுமங்காடு, விதுரை தாண்டிக் கல்லாறு வரும்வரை அவனிடம் எந்த அறிகுறியும் இல்லை. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவதில் "இங்க ஒரு வீடு இருந்தா..." என்று முணுமுணுப்பு. பன்னிரண்டில் வீட்டுக்குப் பெயர் வைத்தாயிற்று. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பனி முகத்தில் அடிக்கும்போது அவன் ஹோம்ஸ்டே முதலாளி. வாடகையில் மாதத் தவணை போக மிஞ்சுவதை என்ன செய்யலாம் என்பதே அப்போது அவனுடைய ஒரே கவலை.

மலை இறங்கினால் ஆசையும் இறங்க வேண்டும். இறங்குவதில்லை. காரணம், தரகர்.

"சாரே, வியூ நோக்கு! ஆ பாறை வரைக்கும் நம்முடெ ஸ்தலமாணு" என்று அவர் குடையை நீட்டுகிறார். குடையின் முனைக்கு அப்பால் பனிதான் இருக்கிறது, பாறையைக் காணோம். ஆய்வுப்பொருள் தலையாட்டுகிறான். இந்தத் தலையாட்டலுக்கு 'முன்பணக் குறி' என்று பெயரிட்டுள்ளோம்.

அளவையியலுக்கு வருவோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆனால் அது சரிவின் மேல் நாடா இழுத்து அளப்பதல்ல, சமதள வரைபடத்தில் விழும் பரப்பு. ஆக, செங்குத்தான பத்து சென்ட் வாங்குபவனுக்கு ஏறி இறங்கக் கூடுதல் இடமும், வீடு கட்டக் குறைந்த இடமும் கிடைக்கின்றன. அட்டைகளுக்கு இது நல்ல ஏற்பாடு.

இனி முக்கியச் சான்று. பொன்முடியில் நிலம் வாங்கியவர்களில் இஸ்ரோவும் உண்டு. விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் அமைக்க, 2007 வாக்கில் மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டில் 80 ஏக்கருக்கு மேல் வாங்கியது. அது சூழலியல் பலவீன நிலம், எங்களுடையது என்று வனத்துறை கிளம்ப, கேரள அரசியலே கொஞ்ச நாள் அந்த எஸ்டேட்டில் குடியிருந்தது. இதற்கான 2003ஆம் ஆண்டுச் சட்டம் சாமானியமானதல்ல. வரையறைக்குள் வரும் காட்டு நிலம் 2000 ஜூன் 2 முதலே அரசுக்குச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும், ஈட்டுத்தொகை கிடையாது. வாங்குபவன் பத்திரம் எழுதும் நாளுக்கு முன்பே நிலம் கைமாறியிருக்கலாம் என்று பொருள். வளாகம் கடைசியில் மலையடிவாரப் பக்கம் வலியமலையில் எழுந்தது. ராக்கெட்டுக்குப் பாதை கணக்கிட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், எக்செல்லில் தவணை கணக்கிட்டவன் எம்மாத்திரம்? (மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க 2013இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் கஸ்தூரிரங்கன் இஸ்ரோவின் முன்னாள் தலைவர். தற்செயல்தான், இருந்தாலும் ஆய்வாளருக்கு இனிக்கிறது.)

"வனம் அல்ல சாரே, தோட்டமாணு" என்கிறார் தரகர். அதிலும் சுழி உண்டு. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தேயிலை, ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. தோட்டம் தோட்டமாக இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. துண்டு போட்டு ரிசார்ட் கட்டினால் விலக்கு ஆட்டம் காணும், கூடவே வாங்கியவனும்.

காகிதங்கள் தனி உலகம். நம்மூர்த் தாய்ப்பத்திரம் அங்கே முன்னாதாரம், பட்டா மாறுதல் போக்குவரவு. கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று இரண்டும் வில்லேஜ் ஆபீஸ் வழியாக வர வேண்டும். முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக்கட்டணம் 2. இருபது லட்சத்துக்கு இரண்டு லட்சம் இப்படியே போகும். இந்த 2 லட்சம் அவனுடைய எக்செல்லில் எங்குமே இல்லை. வங்கியின் வக்கீலோ 30 வருட வில்லங்கத்தைக் கேட்டுவிட்டு, கோப்பைப் புன்னகையோடு திருப்பித் தருகிறார். கடன் மறுக்கப்பட்டதென்று ஆய்வுப்பொருள் சோர்ந்துபோனான். மலையில் இதைவிட மலிவான சட்ட ஆலோசனை கிடைக்காது என்பது எம் துணிபு.

மேற்கண்ட முடிவுகளை நெறியாளர் ஒருவர் இரண்டே கேள்விகளில் எட்டிவிட்டார். அவர் ஆய்வுப்பொருளின் தகப்பனார். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு போனில் கேட்டது: "அதெல்லாம் கெடக்கட்டும் மக்கா. பாதை யாருக்க பேருல கெடக்கு? தண்ணி எங்கேருந்து வருது?"

பாதை எஸ்டேட்டுடையது, தண்ணீர் மழைக்காலத்தில் வரும். தரகர் மனம் தளரவில்லை. இப்போது வலியமலைப் பக்கம் ஆறு சென்ட் காட்டுகிறார். வியூ இல்லை, எதிரே பஞ்சாயத்துக் குழாய்தான் தெரிகிறது. விலை கொஞ்சம் கூடுதலாம்.