எட்டுப் பைற் சூனியம் பற்றியொரு விசாரணை

கிளிநொச்சி அறிவியல்நகரிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினி பயிலும் மாணாக்கர் ஒருவர், இரண்டு முழுவெண்களைக் கூட்டும் சின்னஞ்சிறு செயற்கூறு ஒன்றை ஒரு கோப்பிலும், அதனை அழைத்து விடையுடன் ஒன்றைச் சேர்க்கும் செயற்கூற்றை மற்றொரு கோப்பிலும் எழுதி, ஜீ.சீ.சீ. என்னும் கொம்பைலரிடம் உகப்பாக்கத்துடன் தொகுக்க ஒப்படைத்து, அது ஈன்ற பொறிமொழியை நிதானமாக வாசிப்பாராயின், அழைப்புக்கு முன் அடுக்குச்சுட்டியிலிருந்து 8 பைற் கழிக்கப்படுவதையும், அழைப்பு முடிந்ததும் அதே 8 திரும்பச் சேர்க்கப்படுவதையும், இடையே அவ்விடத்தில் யாதொன்றும் எழுதப்படாமையையும் கண்டு வியப்பெய்துவார். கழிக்கும் கட்டளைக்கு 4 பைற், சேர்க்கும் கட்டளைக்கு 4 பைற். ஆக, எட்டுப் பைற் சூனியத்தைப் பரிபாலிக்க எட்டுப் பைற் வியயமாகிறது. வரவும் செலவும் இத்துணைப் பொருந்துவது அரசாங்கக் கணக்குகளிலும் அபூர்வம்.

இதன் பூர்வ சரித்திரம் யாதெனில், 1999-இல் வெளிவந்த பென்டியம் 3 சில்லு கொணர்ந்த எஸ்.எஸ்.ஈ. கட்டளைகளுள் மூவ்ஏபிஎஸ் என்பது மகா ஆசாரசீலமுடையது. 16-ஆல் வகுபடாத நினைவக முகவரியைத் தொட நேர்ந்தால் நிரலையே வீழ்த்திவிடும். இக்கட்டளைக்கு அஞ்சியே, அடுக்கு 4-இன் மடங்கில் நிற்கும் 4 பைற் ஒழுங்குடன் ஆதியில் திருப்தியடைந்திருந்த 32-பிற் நிரல்களையும் ஜீ.சீ.சீ. 16-க்கு உயர்த்திற்று. 64-பிற் லினக்ஸிலோ, ஒவ்வோர் அழைப்பின் தறுவாயிலும் அடுக்கு 16-இன் மடங்கில் நிற்கவேண்டுமென்பது சாசனமாயிற்று. அழைப்போ, திரும்பும் முகவரியாக 8 பைற்றைத் தள்ளி அவ்வொழுங்கைக் குலைத்துவிடும். அதற்குப் பிராயச்சித்தமே மேற்படி 8.

நம் மாணாக்கரின் கூட்டற் செயற்கூறு எஸ்.எஸ்.ஈ.யின் வாடையே அறியாதது. எனினும் அடுத்த கோப்பில் இருப்பது இன்னதென்று கொம்பைலருக்குத் தெரியாதாகையால், கண்டாவளைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலே, வருவாரோ வாராரோ என்றறியாத அதிகாரிக்காக வெள்ளைத்துணி விரித்த முன்வரிசைக் கதிரையை வெறுமையாக விட்டு, வயோதிபக் கமக்காரர் பின்னால் நின்றபடியே வாய்க்கால் தண்ணீர் பேசுவதுபோல, அதுவும் இடத்தை ஒதுக்கிவைத்துவிடுகிறது.

இதில் சம்பிரதாய பேதமும் உண்டு. கிளாங் என்னும் மற்றக் கொம்பைலர், கழித்தலை விடுத்து, எவருக்கும் வேண்டாத பதிவகம் ஒன்றை அடுக்கில் தள்ளி, இடம் ஒதுக்கும் காரியத்தை ஒரே பைற்றில் முடிக்கிறது. சிக்கனந்தான், ஆயினும் குப்பையைக் கொண்டேனும் இடத்தை நிரப்புவது வெறுமையைவிட மேலான ஒழுக்கமா என்பதில் எமக்குச் சம்சயம் உண்டு.

ஒழுங்கின் எல்லையைத் தாழ்த்தும் சுவிட்ச் ஒன்றும் ஜீ.சீ.சீ.யில் இருக்கிறது. அதைத் தட்டும் சீர்திருத்தவாதியின் நிரல், பழைய ஆசாரப்படி தொகுக்கப்பட்ட நூலகம் ஒன்றினுள் நுழைந்து மூவ்ஏபிஎஸ்ஸில் இடறக்கூடும். விழுந்த இடம் நூலகத்தினுள்ளேயே காட்டப்படுமாகையால், பழி நூலகத்தை எழுதியவர்மீது போய்ச் சேரும்.