திருப்புளி ஏறாத பொட்டி

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. கயித்துக் கட்டில் வேண்டாம், உன்ற ஒசரத்துக்கு அது தாங்காது. காலங்காத்தால நீயா வந்து, "அப்பாரு, காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடட்டுமா"ன்னு கேட்டப்பவே, இந்த எண்ணெய் என்ன வெலை ஆகும்னு நான் ரோசனை பண்ண ஆரம்பிச்சுட்டேன். அறுவத்தஞ்சாயிரமா? சரிதான். வலது காலுக்கு முப்பத்திரண்டாயிரத்தி ஐந்நூறு, எடது காலுக்கும் அதே. என்ற காலுக்கு இத்தனை மவுசு இருக்கறது எம்பது வயசுலதான் தெரியுது.

குடுக்க மாட்டேன்னு சொல்லலை. கேக்கறதைக் கேட்டுப்போட்டுக் குடுக்கறேன். பழைய போனுக்கு என்ன நோவு? சார்ஜ் நிக்கறதில்லை. அப்பறம்? ஓரத்துல ஒரு கீறல். அப்பறம்? மூணு வருசமாச்சு. மூணு வருசம் ஆனது ஒரு நோவாடா? அப்படிப் பாத்தா உங்கொப்பனை நான் எப்பவோ மாத்தியிருக்கோணும்.

தெக்காலத் தோட்டத்து மோட்டாரைப் பாத்திருக்கறயல்ல? அஞ்சு எச்.பி. 1986ல கோயமுத்தூர்ல வாங்குனது. மூணு தடவை காயில் போயிருக்குது. பேரிங் எத்தனை மாத்துனேன்னு கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் நானே தாராபுரம் ரோட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோயி, மூடியைக் கழட்டி, கருகுன கம்பியை உருவி, எத்தனை சுத்துன்னு எண்ணி, கேஜ் பாத்து, அதே கணக்குக்குச் செம்புக் கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்தி, வெயில்ல காயவச்சு மாட்டுனேன். முப்பது வருசம் அந்தப் பட்டறையில காயில் கட்டித்தான் உங்கொப்பனைப் படிக்க வச்சது. மோட்டாருக்கு வயசாயிருச்சுன்னு ஒருத்தனும் எங்கிட்ட வந்து சொன்னதில்லை. "காயில் போச்சுங், நாளைக்குக் காத்தால கெடைக்குங்களா"ன்னுதான் கேப்பான். பயிரு நிக்குமா? அந்த மோட்டாருக்கு நாலு போல்ட்டு. ஸ்பேனர் வச்சிருக்கறவன் எவனும் தொறக்கலாம். தொறந்தவன் ஒழுங்காப் பண்ணுவானாங்கறது வேற கதை, எத்தனையோ பேரு பண்ணுன வேலையை நான் மறுக்காப் பண்ணியிருக்கறேன். ஆனா தொறக்கறதுக்கு யாருகிட்டயும் உத்தரவு கேக்க வேண்டியதில்லை.

போன மாசம் உன்ற போனைத் தூக்கீட்டு ரெண்டு பேரும் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனமே. ஏசி, சோபா, டோக்கன். ஒரு மணி நேரம் குளுருல உக்காரவச்சு அந்தப் பையன் என்ன சொன்னான்? "பின்னாடி பசை வச்சு ஒட்டியிருக்குதுங்க. சூடு பண்ணித்தான் பிரிக்கோணும். பிரிக்கையில கண்ணாடி உடைஞ்சா நாங்க பொறுப்பில்லைங்க. இதுக்குச் செலவு பண்றதுக்கு, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஒண்ணு போயிக்கிட்டிருக்குது." நீ உடனே அந்தப் புதுசு என்ன கலர்ல வருதுன்னு கேட்டே. நான் மட்டும் பட்டறையில இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தா, மோட்டாரோட என்னையும் சேத்துக் கெணத்துல எறக்கியிருப்பாங்க.

இது அந்தப் பையன் தப்பில்லை. மேலே இருக்கறவன் புத்தி. ஆப்பிள்காரன் ஐபோன் நாலு காலத்துலயே அஞ்சு இதழ்ப் பூவாட்ட ஒரு திருகு போட்டான். நம்ம வீட்டுத் திருப்புளி எதுவும் அதுல ஏறாது. அதுக்கும் ஒரு திருப்புளியக் கண்டுபிடிச்சு கடைக்காரன் வித்தான். ஒடனே அடுத்த வித்தை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் கம்பெனி கணக்கோட ஒத்துப்போகலைன்னா 'இது அசலான்னு தெரியலை'ன்னு போனே வாய் தொறந்து சொல்லும். ரோசிச்சுப் பாரு, பேரிங் மாத்தி மாட்டுன மோட்டாரு, "இது என்ற பேரிங் இல்லை"ன்னு ஊரைக் கூட்டுனா எப்படி இருக்கும்? அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல இந்த வேலை இனி ஆகாதுன்னு 2024ல சட்டமே போட்டுட்டாங்க. அங்க டிராக்டருக்கும் இதே கதைதான். கோளாறு என்னன்னு பாக்கற சாப்ட்வேரு டீலர் கையில இருந்துச்சு. அறுப்பு நேரத்துல வண்டி நின்னா, டீலர் வர்ற வரைக்கும் வெவசாயி வரப்புல நின்னு வானத்தப் பாத்துக்கிட்டிருந்தான். பொறுக்க மாட்டாம கொலராடோ மாநிலத்துல 2023ல சட்டம் கொண்டுவந்தாங்க, வண்டியைச் சரிபண்றதுக்கு வேண்டியதையெல்லாம் வெவசாயிக்கும் குடுக்கோணும்னு. காசு குடுத்து வாங்குனவனே தன்ற வண்டியத் தொறக்கறதுக்கு சட்டசபைக்குப் போக வேண்டியிருக்குது பாரு.

உங்க அத்தை மக போன நோம்பிக்கு வந்திருந்தாளே, நெதர்லாந்துல படிக்கறவ. மொகத்தத் திருப்பாதே, நான் உனக்குப் பொண்ணு பாக்கலை. அவகிட்ட எப்பவோ கேட்டாச்சு, வேண்டாம்னுட்டா. நான் சொல்ல வந்தது அவ போனைப் பத்தி. ஃபேர்போன் அஞ்சு. இதே திண்ணையில உக்காந்து நெகத்தால பின்மூடியை நெம்புனா, பொட்டாட்ட வந்திருச்சு. பேட்டரியை வெரல்ல எடுத்து என்ற உள்ளங்கையில வச்சா, பழைய நோக்கியாவுல எடுக்கற மாதிரி. அதுக்கு மேலே போகோணும்னா சாதாரணத் திருப்புளி ஒண்ணு போதும். கேமரா தனி, சார்ஜ் போடற ஓட்டை தனி, ஸ்பீக்கர் தனி. ஆறு மாசத்துக்கு முந்தி மாடிப்படியில விழுந்து ஸ்கிரீன் போச்சாம். தபால்ல வரவச்சு, சமையக்கட்டு மேசை மேல வச்சு அவளே மாத்திக்கிட்டா. முப்பது வருசம் காயில் கட்டுனவனோட பேத்தி பின்ன எப்படி இருப்பா? பேரனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.

அந்தக் கம்பெனி ஆம்ஸ்டர்டாம்ல இருக்குது. பாஸ் வான் ஆபெல்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. மொதல்ல அவிய போன் செய்யவே கெளம்பலை. போனுக்குள்ளார போற உலோகமெல்லாம் காங்கோவுல எந்த லட்சணத்துல தோண்டி வருதுன்னு ஊருக்குச் சொல்றதுக்கு 2010ல ஒரு பிரசாரமா ஆரம்பிச்சு, பேசிப் பேசிப் பாத்து, 2013ல கம்பெனியே வச்சுட்டாங்க. 2015ல வந்த ரெண்டாவது போனுக்கு ஐஃபிக்ஸிட்டுன்னு அமெரிக்காவுல போனைக் கழட்டி மார்க் போடறவங்க பத்துக்குப் பத்து குடுத்தாங்க. பேத்தி வச்சிருக்கறது 2023ல வந்தது. அஞ்சு வருச வாரண்டி, 2031 வரைக்கும் சாப்ட்வேர் அப்டேட். அப்ப நீ அந்த அறுவத்தஞ்சாயிரத்துப் போனுக்கு அப்பறம் ரெண்டு போன் வாங்கியிருப்பே, எனக்குத்தான் கால் ரெண்டுக்கு மேலே இல்லை.

ஒடனே அவிய மகான்கள்னு நெனச்சுப்போடாதே. 2021ல நாலாவது போன்ல காதுல மாட்டற ஒயரு சொருகற ஓட்டையை அடைச்சுப்போட்டு, அதே கையோட ஒயரில்லாத காதுமாட்டியை விக்க ஆரம்பிச்சாங்க. கல்லாப்பொட்டி பக்கத்துல உக்காந்தா நல்லவனுக்கும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யுது. வெலையும் கம்மியில்லை. பேத்தி போனு அங்க வந்தப்பவே 699 யூரோ, நம்ம காசுக்கு அறுபதாயிரத்துக்கு மேலே. அந்த வெலைக்கு வேற கம்பெனியில இதைவிட நல்ல கேமரா கெடைக்கும். எல்லாத்துக்கும் மேலே, நம்ம நாட்டுக் கடையில அது கெடைக்கறதே இல்லை. ஆரையாவது புடிச்சுக் கொண்டுவந்தாலும் திருப்புளி இருக்கும், மாட்டறதுக்குப் பாகம் இருக்காது. சக்கரம் இல்லாத ஊருல வண்டி வாங்குன கதை.

அதனால அதை வாங்குன்னு நான் சொல்ல வரலை. நீ வாங்கறேன்னு சொல்ற பொட்டியோட இன்னொரு கொணத்தையும் கேட்டுக்க.

நம்மூர் டீக்கடைக்காரனுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும். சக்கரை இல்லாத டீ, மாசக் கடைசியில கடன், உங்கப்பத்தாகூடச் சண்டைன்னா அன்னிக்கு ரெண்டு டீ. ஆனா அவன் இதையெல்லாம் நோட்டுல எழுதி வச்சு செருப்புக் கடைக்காரனுக்கு வித்ததில்லை. அவனைப் பத்தி எனக்கும் அத்தனையும் தெரியுங்கறது ஒரு காரணமா இருக்கலாம். உன்ற பொட்டிக்கு உன்னைத் தெரியும், அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? டப்ளின்ல டிரினிட்டி காலேஜ்ல டக்ளஸ் லீத்துன்னு ஒரு புரொபசர் 2021ல சோதிச்சுப் பாத்தார். ஐபோனாகட்டும், கூகுள் போனாகட்டும், தொடாம மேசை மேல சும்மா வச்சிருந்தாலும் சராசரியா நாலரை நிமிசத்துக்கு ஒருக்கா தன்ற கம்பெனிக்குச் சேதி அனுப்பிச்சுதாம். புதுசாக் கட்டிக்குடுத்த புள்ளகூட ஆத்தா வீட்டுக்கு அத்தனை தடவை போன் பண்ணாது.

அதே வருசக் கடைசியில எடின்பரோக்காரங்களும் சேந்து இன்னொரு சோதனை பண்ணுனாங்க. சாம்சங், ஷாவ்மி, ரியல்மி, ஹுவாவேன்னு வரிசையாப் பாத்ததுல எல்லாமே கொட்டிக்கிட்டிருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வாயை மூடிக்கிட்டிருந்துச்சு. அதுக்குப் பேரு என்ன தெரியுமா? ஈ. ஈ ஓஎஸ். கேல் துவால்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, 1998ல மாண்ட்ரேக் லினக்ஸ் செஞ்ச மனுசன், ஆண்ட்ராய்டுல இருந்து கூகுளை உருவி எடுத்துப்போட்டுச் செஞ்சது. மத்ததெல்லாம் மொய்க்குது, ஈயின்னு பேரு வச்சது மட்டும் எங்கயும் மொய்க்கலை. அதைப் போட்டே ஃபேர்போனை விக்கறாங்க. பேத்தி வச்சிருக்கறதும் அதுதான்.

இன்னொண்ணும் இருக்குது, கிராஃபீன் ஓஎஸ். பூட்டுன்னா அது பூட்டு. கூகுள்காரன் கண்ணுல படாம இருக்கோணும்னு நெனைக்கறவன் இதைத்தான் பெருசாச் சொல்றான். ஆனா இத்தனை வருசமா அதை எதுல போட முடிஞ்சுது? கூகுளே செய்யற பிக்சல் போன்ல. மாமனார் வீட்டுல இருந்து தப்பிச்சு ஓடறதுக்கு மாமனார்கிட்டயே வண்டிச்சத்தம் கடன் வாங்குன கணக்கு.

இதுலயும் சங்கடம் இல்லாம இல்லை. பேங்குக்காரன் ஆப்பு சிலது, "கூகுள் கையெழுத்து இல்லாத போனை நான் நம்ப மாட்டேன்"ன்னு கதவைச் சாத்திக்கும். பேத்தி நோம்பிக்கு கறிக்கடையில நின்னு போனைத் தட்டித் தட்டிப் பாத்தா, காசு போகலை. கடைசியில என்ற மடியில இருந்த சுருட்டுன நோட்டுதான் கறி வாங்குச்சு. அந்த நோட்டு யாருகிட்டயும் போய், கெழவன் ஆட்டுக்கறி தின்னான்னு சொல்லலை. டாக்டருக்கு இன்னும் தெரியாது.

ஆப்புன்னதும் ஞாபகம் வருது. அதுக்குத் தமிழ்ல பேரு வச்சவன் ஆரோ அறிவாளி. அமெரிக்காவுல டார்ச்லைட் ஆப்பு ஒண்ணு இருந்துச்சு. வெளக்கு எரியறதைத் தவிர அதுக்கு வேற சோலி கெடையாது. ஆனா ஆள் எங்க நிக்கறான்னு வெளம்பரக்காரங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 2013ல அங்கத்த கவர்மெண்டு புடிச்சுது. நீ உன்ற போன்ல எத்தனை ஆப்பு வச்சிருக்கறே? எண்ணிப் பாத்ததில்லையா? அது உன்னை எண்ணியிருக்கும்.

உனக்கென்ன, "எங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது அப்பாரு"ன்னு சொல்லுவே. சொல்லு, சொல்லு. உன்ற கணக்கையே உங்கொம்மா டேப்லெட்டுலயும் போட்டுக் குடுத்திருக்கறயே, அதுல போன வெள்ளிக்கெழமை தானாவே ஒரு படம் ஓடுச்சு. 'ஒரு வருசத்துக்கு முன் இதே நாள்'னு தலைப்பு, பின்னால பாட்டு வேற. வால்பாறை, தேயிலைத் தோட்டம், மழை, ஒரே கொடை. நீ மட்டும் தனியாவா நின்னே? உங்கொம்மா அந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தா. நான்தான் பாத்தேன். பாத்துப்போட்டு மூடி வச்சுட்டேன். டீக்கடைக்காரனுக்கு இருக்கற நாகரிகம் எனக்கும் இருக்குதல்ல.

சரி, மூஞ்சி செவக்கறதை நிறுத்து. திருப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னக் கடை ஒண்ணு வச்சிருக்கறான் ஒரு பையன், கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டுக் குனிஞ்சபடியே இருப்பான். அந்தக் குனிவைப் பாத்தாலே வேலைக்காரன்னு தெரியும். பசையைச் சூடு பண்ணிப் பிரிச்சு பேட்டரி மாத்தித் தர்றேங்கறான், ரெண்டாயிரம். கீறல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், என்ற மூஞ்சியில இல்லாத கீறலா? வேண்டாத ஆப்பெல்லாம் புடுங்கிப்போடு. இல்லை, புதுசுதான் வேணும்னு அடம் புடிச்சீன்னா, கலரைக் கேக்கறதுக்கு முந்தி இந்தப் பொட்டிக்கு எத்தனை வருசம் அப்டேட் வரும்னு கேளு. பிக்சல் எட்டுக்கும் சாம்சங் எஸ் 24க்கும் ஏழு வருசம்னு கம்பெனிக்காரனே வாக்குக் குடுத்திருக்கறான். பேட்டரி என்ன வெலை, ஸ்கிரீன் என்ன வெலை, இந்த ஊருலயே கெடைக்குமான்னும் கேளு. ஐரோப்பாவுல 2025 சூன் மாசத்துல இருந்து, வித்து முடிச்ச போனுக்கும் ஏழு வருசம் பாகம் வச்சிருக்கோணும்னு சட்டம். நம்ம கவர்மெண்டு 2022ல ரிப்பேர் உரிமைன்னு ஒரு வெப்சைட்டு தொறந்து வச்சிருக்குது. சட்டம் எப்ப வரும்னு கேக்காதே, அந்தக் காலத்துக்கு நான் இருக்க மாட்டேன், மோட்டாரு இருக்கும்.

அந்த அறுவத்தஞ்சாயிரம் அரிசிப் பானைக்கு அடியில அப்படியே இருக்குது. அதுல ரெண்டாயிரம் எடுத்துக்க. மிச்சம் கெடக்கட்டும். அந்தக் கொடைக்காரப் புள்ள வீட்டுக்குப் போயிப் பேசறதுன்னா பூவு, பழம், வண்டிச்சத்தம்னு செலவு ஆகுமல்ல. எந்த ஊருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு, படத்துக்கு அடியில பொட்டியே எழுதியிருந்துச்சு. உங்கொம்மாகிட்ட மட்டும் நீயே வாயத் தொறந்து சொல்லிரு, அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ளார.

எங்கடா எந்திரிக்கறே? எடது காலு பாக்கி இருக்குது.