வேப்பமரத்தடி பி.ஆர்.ஓ.

அரசு ஆஸ்பத்திரி இருக்கிற எந்த ஊரிலும் இவர் ஒருவர் இருப்பார். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்காது. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருக்கும் எப்போது மாறுதல் என்பது இவருக்குத் தெரியும். எங்கள் நெல்லைப் பக்கத்தில் இவர் ‘அண்ணாச்சி’. வேறு ஊரில் மாமாவாகவோ, தாத்தாவாகவோ, ‘ரிட்டயர்டு சாராகவோ’ இருக்கலாம். ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே வேப்பமரம், மரத்தடியில் சிமெண்டுத் திண்டு, திண்டில் அண்ணாச்சி. காலை ஏழரைக்கு வந்துவிடுவார். டாக்டர் லேட்டாக வரலாம், இவர் வரமாட்டார்.

மடித்துக் கட்டிய வேட்டி. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, ஒரு பேனா, முகவரி இல்லாத நாலைந்து சீட்டுகள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்தவர்தான் முதலில். மாத்திரை கையில் வாங்க அஞ்சு நிமிஷம் ஆனது. எங்கே கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

இவர் உட்கார்ந்ததற்கு நான் ஆஸ்பத்திரியைக் குறை சொல்லமாட்டேன். அறிவிப்பு எழுதுகிற தமிழைத்தான் சொல்வேன். போன மாதம் சுவரில் ஒட்டியிருந்தது: ‘நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, பொதுமக்கள் நலன் கருதி, தொற்றா நோய்ப் பிரிவு புதிய கட்டடத்தின் தரைத்தளத்திற்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது என்பது இதன்மூலம் தெரிவித்துக் கொள்ளப்படுகிறது.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிற எந்தக் கிழவிக்கும் தனக்குத் ‘தொற்றா நோய்’ இருப்பது தெரியாது. என் கண் முன்னாலேயே ஒரு ஆச்சி எழுத்துக் கூட்டிப் படித்து, ‘றா’வை ‘று’வாக்கிக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி ரெண்டு எட்டு பின்னால் போனாள்.

அண்ணாச்சி எழுந்தார். “ஏ ஆச்சி, எங்க ஓடுதிய? அது ஒட்டுவாரொட்டி இல்ல. நம்ம சுகர் மாத்திரைதான். பின்னால போங்க, தண்ணித் தொட்டி இருக்கா, அதுக்கு எதுத்தாப்ல பச்சைக் கதவு. நோட்டைக் கொண்டாந்தீயளா? சாப்பிட்டுட்டு வந்தீயளா? ரத்தம் எடுக்கணும்னா வெறும் வயித்தோட வரணும், நாளைக்கு வாங்க.”

அலுவலகம் ஒரு வாக்கியத்தில் சொல்லாமல் விட்டதை அண்ணாச்சி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எந்த வாசல், என்ன கொண்டு வரணும், சாப்பிட்டு வரலாமா கூடாதா. ஆச்சிக்கு வேண்டியது அவ்வளவுதான். நிர்வாகக் காரணம் என்ன என்று அவள் கேட்கவே இல்லை.

முன்பு ஊருக்குச் சேதி சொல்லத் தண்டோரா இருந்தது. 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, அந்த வழக்கம் இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். ஒருத்தர் கழுத்தில் பறையை மாட்டித்தான் நமக்குச் சேதி வரவேண்டும் என்றில்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கி ஆட்டோவை ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ‘பொதுமக்களுக்கு ஓர் அறி’ எங்கள் வாசலில் விழுகிறது, ‘விப்பு’ அடுத்த தெருவில். முகாம் எந்தத் தேதி என்பது பெருமாள் கோயில் தாண்டித்தான் கேட்கும். அங்கே வீடே கிடையாது.

பெயர்களோடு அண்ணாச்சி நடத்துகிற மல்யுத்தம் தனி. காப்பீட்டுத் திட்டம் 2009-இல் ஒரு பெயரில் வந்தது, 2012-இல் இன்னொரு பெயருக்கு மாறியது. ‘அம்மா மினி கிளினிக்’ 2020 டிசம்பரில் திறந்து, அடுத்த ஆட்சியில் மூடியது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. எல்லாம் அண்ணாச்சிக்கு அத்துப்படி. ஆனால் வந்து கேட்கிறவர்களிடம் ஒரு பெயரையும் சொல்லமாட்டார். “வீட்டுக்கே வந்து மாத்திரை குடுப்பாகல்லா, அது”, “பெரிய ஆபரேசனுக்கு அட்டை காட்டுவோம்லா, அது”. 108 என்றால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். 2008-இல் வந்த நாள் முதல் அந்த எண்தான் பெயர். அதே மாதிரி மருத்துவ ஆலோசனை கேட்க 104 என்று ஓர் எண் இருப்பதைத் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். “மாத்திரையே வீட்டைத் தேடி வருது வே, தகவல்தான் வழி தெரியாம நிக்கி” என்பார் என்னிடம்.

அண்ணாச்சியைப் புனிதராக்க வேண்டாம். வாய் கொஞ்சம் நீளம். ‘ஸ்கேன் மிசின் வருது’ என்று யாரோ காதில் போட்டதை ‘வந்தாச்சு’ ஆக்கி, ஒரு திங்கட்கிழமை நாலு கர்ப்பிணிகளை டவுன் பஸ்ஸில் வரவழைத்துவிட்டார். மிசின் வரவில்லை. அன்றைக்கு மட்டும் திண்டு காலியாக இருந்தது. மறுநாள் வந்து, “லாரி கயத்தாறுல பஞ்சராம்” என்றார். லாரியே கிடையாது.

வாட்ஸ்அப்பும் உண்டு. ஒட்டுகிற நோட்டீஸ் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து ஏழு குழுக்களுக்கு அனுப்புவார். படத்தில் அறிவிப்பு தெளிவாக இருக்கும், முத்திரை தெளிவாக இருக்கும். நேரத்தின் மேல் மட்டும் அவருடைய கட்டைவிரல் இருக்கும். பிறகு ஏழு குழுவிலிருந்தும் போன் வரும், “அண்ணாச்சி, எத்தனை மணிக்கு?” விரல் தற்செயலாகத்தான் விழுகிறதா என்பதில் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

போன வாரம் இவருக்கே கண்புரை அறுவை. ஆறு நாள் வரவில்லை. அந்த ஆறு நாளும் பழைய கட்டடத்துப் பூட்டிய கதவின் முன்னால் வரிசை நின்றது. பூட்டைப் பார்த்தும் நின்றது. நம் ஜனங்களுக்கு வரிசை இருந்தால் போதும். நாலாம் நாள் ஒரு நர்ஸம்மா வெளியே வந்து, “அண்ணாச்சி எங்க?” என்று என்னைக் கேட்டார். ஏழாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு திண்டில் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் சுவரில் அரசு அறிவிப்புக்குக் கீழே இன்னொரு தாள். பெரிய கோணல் எழுத்தில்: ‘சுகர், பிரசர் மாத்திரை பின்னால. பச்சைக் கதவு. நோட்டு கொண்டு வரவும்.’ பக்கத்தில் ஓர் அம்புக்குறி. கீழே ஆஸ்பத்திரி முத்திரை.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஏதாவது மாறியிருந்தால், சுவரைப் படித்துவிட்டு ஒருதரம் மரத்தடியிலும் கேளுங்கள். பதிலுக்கு ஒரு டீ எதிர்பார்ப்பார், வாங்கிக் கொடுங்கள். மாஸ்டரிடம் “ரெண்டு ஸ்பூன் சீனி தூக்கலா” என்று சொல்லுவார். அதை மட்டும் போடவிடாதீர்கள்.