பாட்டாவுக்கு எழுபத்திரண்டு கேள்வி

இருலே மக்கா, கட்டஞ்சாயா வருது. கையிலே என்னது, எழுபத்திரண்டு கேள்வியா? எனக்குப் பெண்ணு தர வந்தவரு கேட்டதே மூணு கேள்விதான். வயலு எத்தனை கோட்டை விதைப்பாடுன்னு ஒண்ணு. மத்த ரெண்டும் அதேதான்.

செரி, ரூவா ஆரு தாறா? டெல்லியிலே 1969-லே தொடங்கின சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சிலா? கொள்ளாம். 2023-லே அரசாங்கத் திட்டங்களாலே சனங்களுக்கு என்ன பலன்னு பாக்க அவிய ஆய்வாளரைக் கூப்பிட்டது பேப்பர்லே வந்துதே. திட்டமும் சர்க்காருக்குள்ளது, ஆராயுத துட்டும் சர்க்காருக்குள்ளது. மாமியா பரிமாறிக்கிட்டே உப்பு செரியான்னு கேட்டா புதுமாப்பிள்ளை என்னலே சொல்லுவான்?

அந்த ஐதராபாத்துக் கதை தெரியுமா? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ கூட்டம் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்து, பாதி இடத்துலே குறுங்கடன் குடுக்க விட்டு, மீதியைக் காக்க வெச்சுப் பாத்தாவ. 2015-லே கட்டுரை வந்துது. ஏற்கெனவே கடை வெச்சிருந்தவனுக்கு லாபம் கொஞ்சம் ஒசந்துது. வீட்டுச் செலவு கூடல்ல, பிள்ளைய படிப்பும் மாறல்ல. வடசேரி சந்தையிலே மீன்காரியிட்டெ கேட்டிருந்தா ஒரு சாயாவுக்குச் சொல்லியிருப்பா.

சிரிக்காதே. மீன்காரி சொன்னா எவன் கேப்பான்? குறுங்கடன் வறுமையை ஓட்டிரும்னு ஒலகமே பேசி, 2006-லே அதைப் பரப்பின யூனுசுக்கு நோபலும் குடுத்தாச்சு. கடன் குடுத்த கம்பெனியும் கூட நின்னுதான் ஆய்வு நடந்துது. பெருமைப்படும்படி முடிவு வரல்ல, ஆனாலும் அச்சேறிச்சு. அதாக்கும் காரியம்.

இன்னொண்ணு கேளு. 1916-லே மதராசிலே கில்பர்ட் சிலேட்டர்னு ஒரு வெள்ளைக்காரப் புரொபசரு. படிக்க வந்த பயலுவ கையிலே கேள்வித்தாளைக் குடுத்து அவனவன் ஊருக்கே அனுப்பினாரு. நம்ம பக்கத்து கங்கைகொண்டான், தென்னார்க்காட்டு இருவேல்பட்டு எல்லாம் 1918-லே புத்தகமா வந்துது. பொறவு 1930-கள்லேயும் 80-கள்லேயும் வேற ஆளுவ அதே ஊருகளுக்குத் திரும்பப் போனாவ, இருவேல்பட்டுக்கு 2008-லேயும். நாம அன்னைக்குத் திருவிதாங்கூரு, தப்பிச்சோம்.

துட்டு வாங்காதேன்னு நான் சொல்லல்ல. எவன் துட்டுன்னு மொதல் பக்கத்துலேயே எழுது. துட்டு தீந்த பொறவும் ஒருக்கா இந்தத் திண்ணைக்கு வா.

ஒண்ணாங் கேள்வி என்னது? திட்டத்தாலே சந்தோசமா இருக்கேனான்னா? ஆமான்னு போட்டுக்கோ. ரெண்டாவதைப் பேனாவை மூடி வெச்சுட்டுக் கேளு.