காலை அடக்கினால் காசு மிஞ்சும்

கேள்வி: சிப் போட்டால் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடும் என்கிறார் பட்டறைக்காரர். என் பிக்கப்பில் போடலாமா அண்ணே? (காப்பார்)

பதில்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், தம்பி. டீசலை எவ்வளவு பீய்ச்சுவது, எப்போது பீய்ச்சுவது, டர்போ எவ்வளவு காற்றைத் திணிப்பது என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு இருக்கிறது. சிப் மாற்றுவது அந்தக் கணக்கைத்தான். இழுவை கூட வேண்டுமானால் டீசலும் கூட வேண்டும். கியரை முன்னதாகவே மாற்றி நிதானமாக ஓட்டுபவருக்குக் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் புது இழுவை கைக்கு வந்ததும் கால் சும்மா இருக்குமா? கூடுதல் சூட்டைத் தாங்கப்போவது டர்போவும் பிஸ்டனும். வாரண்டி என்னாகும், காப்புறுதி என்னாகும் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரும்புகை தள்ளினால்தான் வண்டியில் பவர் இருக்கிறது என்கிறார்களே? (மேரு)

பதில்: கரும்புகை என்பது முழுதாக எரியாமல் போன டீசல். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதைப் பின்னால் வருகிறவர் மூச்சில் கலக்கிறீர்கள். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு விதிமுறைப்படி டீசல் புகை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைத் தடுப்புச் சாதனங்களைக் கழற்றிவிட்டார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் கணக்குச் சொன்னது. அந்த வழி நமக்கு வேண்டாம்.

கேள்வி: டீசல் விலை ஏறியதிலிருந்து தொட்டியை நிரப்பவே பயமாக இருக்கிறது. (கிள்ளான்)

பதில்: பயம் நியாயமானதுதான். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. 80 லிட்டர் தொட்டிக்கு 172 வெள்ளி கொடுத்த இடத்தில் 268 வெள்ளி. தகுதி பெற்றவர்களுக்கு அரசு தொடங்கிய மாத உதவி 200 வெள்ளி. அன்றைய விலை வித்தியாசத்தில் அது சுமார் 166 லிட்டருக்கு ஈடு. இரண்டு தொட்டிக்கு மேல் ஓட்டினால் மிச்சம் பிடிக்க வேண்டியது நம் கால்தான்.

கேள்வி: டீசலில் பாமாயில் கலப்பதால்தான் மைலேஜ் குறைகிறதா? (பந்திங்)

பதில்: பழியைச் செம்பனை மீது போடாதீர்கள். 10 விழுக்காடு கலந்தால் இழப்பு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். அந்தக் கலவை தண்ணீரை அதிகம் இழுக்கும் என்பது மட்டும் உண்மை. ஆகவே பில்டரில் சேரும் தண்ணீரை மறக்காமல் வடித்துவிடுங்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் வெட்டிச் சுமந்த குலையின் எண்ணெய் இன்று நம் வண்டியில் ஓடுகிறது. பெருமைப்படுங்கள்.

கேள்வி: துன் சம்பந்தன் சாலையில் ஆள் ஏற்றக் காத்திருக்கும்போது ஏர்கோனுக்காக இன்ஜினை அணைப்பதில்லை. பெரிய செலவா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: நிற்கிற வண்டிக்கு மைலேஜ் சுழியம். சும்மா ஓடும் இன்ஜின் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினம் அரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 13 லிட்டர்கூடப் போய்விடும்.

கேள்வி: படகை டிரைலரில் மாட்டி காராக் நெடுஞ்சாலை ஏறப்போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (ஷா ஆலம்)

பதில்: இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிது. ஆஸ்திரேலியாவில் விற்கும் இசுசு டி-மேக்ஸ் 3.0, பிரேக் உள்ள டிரைலரை 3,500 கிலோ வரை இழுக்கலாம். பிரேக் இல்லாவிட்டால் வெறும் 750 கிலோ. இந்த வித்தியாசத்தை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். கெந்திங் செம்பா தாண்டி இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினாலேயே பிடியுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் காய்ந்து கைவிடும். சமதரையில் 110க்குப் பதில் 90இல் போங்கள். 110இல் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

கேள்வி: காசு செலவில்லாமல் மைலேஜ் கூட ஒரே ஒரு வழி சொல்லுங்கள். (பூச்சோங்)

பதில்: முதலில் அளந்து பாருங்கள். தொட்டியை நிரப்பி ஓட்டுங்கள். மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 600 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் என்றால் 12. மூன்று தொட்டிக்கு எழுதி வையுங்கள். பிறகு டயர் காற்றைச் சரிபார்த்து, பின்னால் கிடக்கும் வேண்டாத சாமானை இறக்கிவிட்டு, இன்னும் மூன்று தொட்டி எழுதுங்கள். அதற்குப் பிறகும் சிப் வேண்டும் என்று தோன்றினால் அந்தக் குறிப்போடு பட்டறைக்குப் போங்கள்.